இரண்டாவது துளை

ஊஞ்சப்பாளையத்து விசைத்தறிகள் எல்லாம் ஒரே தாளத்தில் ஓடத் தொடங்கியது ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். அந்த நேரத்தில் ஊரில் பாதிப்பேர் சோற்றுத் தட்டின் முன்னால் இருந்தார்கள், மீதிப்பேர் தறியின் முன்னால் நின்றார்கள், சேனாபதி மட்டும் தன் வீட்டு முன்னறையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, புதிதாக வாங்கிய லூப் பெடலை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று தெரியாமல் அதைச் செய்தவர்களின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டிருந்தான்.

சேனாபதி கிட்டார் வாசிப்பவன். சுற்றுவட்டாரத்தில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பாடிய ஒரு மெல்லிசைக் குழுவில் இருந்தான். டிரம்ஸ்காரர் திருப்பூருக்கும் கீபோர்டுக்காரர் துபாய்க்கும் போய்விட, குழுவில் மிஞ்சியது அவனும் பேனரும்தான். ஒற்றை ஆளே ஒரு குழுவாக நிற்கலாம் என்று யாரோ சொன்னதை நம்பி அந்தப் பெடலை வாங்கினான். செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புப் பெட்டி அது. காலால் மிதித்துவிட்டு வாசித்தால் கேட்டுக்கொள்ளும், மறுபடி மிதித்தால் கேட்டதையே திரும்பத் திரும்ப வாசிக்கும், நிறுத்து என்று சொல்லும்வரை அதற்குச் சலிப்பே கிடையாது. அதில் இரண்டு டிராக் உண்டு, தாளத்தை ஒன்றிலும் பாட்டை இன்னொன்றிலும் வைத்துக்கொள்ளலாம். ஒலி வெளியேறப் பின்பக்கம் இரண்டு துளைகள், எந்த டிராக் எந்தத் துளை வழியாகப் போக வேண்டும் என்று நாம்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும். எல்லாவற்றையும் கட்டி மேய்க்க டெம்போ என்று ஒரு குமிழ், திருகினால் வேகம் கூடும், குறையும்.

அன்று அவன் பாட்டை முதல் துளைக்கும் தாளத்தை இரண்டாவது துளைக்கும் அனுப்பினான். முதல் துளையில் ஸ்பீக்கர் ஒயர் இருந்தது. இரண்டாவது துளையில் ஒயர் எதுவும் செருகவில்லை என்பதை மறந்துவிட்டான். கிட்டார் கட்டையைத் தட்டித் தட்டி ஒரு தாளத்தைப் பதிவு செய்து, பெடலை மிதித்து, ஸ்பீக்கரில் அது வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். ஸ்பீக்கரில் வரவில்லை. எதிர்வீட்டுத் தறியில் வந்தது.

எதிர்வீட்டில் வந்தது பக்கத்து வீட்டிலும் வந்தது, பக்கத்து வீட்டில் வந்தது அடுத்த தெருவிலும் வந்தது, மேற்கே ரைஸ்மில் வரைக்கும் கிழக்கே வாய்க்கால் பாலம் வரைக்கும் உள்ள அத்தனை பட்டறைகளிலும், நாளெல்லாம் ஒன்றையொன்று மதிக்காமல் தன் போக்கில் கத்திக்கொண்டிருந்த அத்தனை தறிகளும், கண் மூடித் திறக்கும் நேரம்கூட ஆகவில்லை, ஒரே அடியாக அடிக்கத் தொடங்கின. தகரக் கூரைகள் ஒன்றாக அதிர்ந்தன. சோற்றுத் தட்டில் ரசம் வட்டம் வட்டமாகத் தாளம் போட்டது. வாய்க்கால் தண்ணீரின் மேல் சின்னச் சின்ன வரிகள் விழுந்து, ஒவ்வொரு அடிக்கும் ஒரு வரியாகக் கரைக்கு வந்து சேர்ந்தன.

நாங்கள் பயந்துபோனோம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லித் திரிகிறார்கள், அது பொய். எங்களுக்குத் தறி நின்றால்தான் பயம். கரண்ட் போனால் எங்கள் ஊர்க் குழந்தைகள் வீறிட்டு அழும், ஏனென்றால் பட்டறைக்குள் கட்டிய தொட்டிலில் தறிச் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்த குழந்தைகள் அவை. தறி ஓடுகிறது, ஒழுங்காகவே ஓடுகிறது, அப்புறம் என்ன? ஃபிட்டர் வந்து பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். மின்வாரியத்து லைன்மேன் கம்பத்தில் ஏறி இறங்கி, கரண்ட்டுதான் எங்களுது, தாளம் எங்களுது இல்லீங்க என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். இரண்டாம் நாளே பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு அந்தத் தாளத்துக்குச் சொல்லப்பட்டது. மூன்றாம் நாள் மாரியம்மன் கோயில் பூசாரி மணியை அந்தத் தாளத்துக்கு ஆட்டினார், வேறு தாளத்துக்கு ஆட்டிப் பார்த்தும் கை கேட்கவில்லையாம். பள்ளிவாசல் தெருவில் கொத்துபுரோட்டா போடுகிற அண்ணன் ஒருவர் மட்டும், நாங்க இத்தன நாளாத் தாளத்துலதானேங்க அடிச்சிட்டிருந்தோம், இப்பத்தான் உங்களுக்கெல்லாம் புத்தி வந்திருக்குது என்று சலித்துக்கொண்டார்.

தாளம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்ததும் சேனாபதி வீட்டு வாசலில் கூட்டம் சேர்ந்தது. ஏன் வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது டெம்போவைப் பற்றித்தான். முதலாளிகள் சங்கத் தலைவர் அர்த்தநாரி, வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாத மனிதர், குமிழைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார். சேனாபதி கூட்டினான். அன்றைக்கு ஊரில் எல்லாமே அவசரமாக நடந்தது. பால் சட்டென்று பொங்கி அடுப்பை அணைத்தது, சண்டைகள் மூண்ட வேகத்தில் ஓய்ந்தன, ஒரு பெண்பார்க்கும் வைபவத்தில் பஜ்ஜி வருவதற்குள் நிச்சயதார்த்தமே முடிந்துவிட்டது. தறியில் நூல் தாங்காமல் அறுந்து அறுந்து விழுந்தது. அடுத்து தொழிலாளர்கள் வந்து குறைக்கச் சொன்னார்கள். குறைத்தான். தறி கொட்டாவி விட்டது, நின்றபடியே நாங்கள் தூங்கினோம், தபால்காரர் ஒரு தெருவைக் கடக்க அரை நாள் ஆனது. கடைசியில் இரண்டு தரப்பும் சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து பேசி, தாய் தொட்டிலை ஆட்டுகிற வேகத்துக்கும் முதலாளி பட்டறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிற வேகத்துக்கும் நடுவில் ஒரு டெம்போவை முடிவு செய்தார்கள். கூலி ஒப்பந்தம்கூட அத்தனை சுமுகமாக முடிந்ததில்லை.

அதற்கப்புறம் பெடல் நிற்கவே இல்லை. சங்கத்திலிருந்து பேட்டரி கொண்டுவந்து வைத்தார்கள். போகிற வருகிற பெண்கள் அதற்குக் குங்குமம் வைத்தார்கள், வெள்ளிக்கிழமைகளில் ஒரு முழம் மல்லிகை வந்தது. கச்சேரிக்கென்று பெடல் வாங்கியவன் கச்சேரிக்குப் போக முடியாமல் பெடலுக்குக் காவல் உட்கார்ந்தான், அந்தக் கொடுமையைச் சொல்லிச் சிரிக்காத ஆள் ஊரில் இல்லை. ஆனாலும் சாயங்காலம் வாய்க்கால் பாலத்தின் மேல் நின்று, வீடு வீடாக, தெருத் தெருவாக, ஊர் முழுக்க ஒரே நெஞ்சாக அடித்துக்கொள்வதைக் கேட்போம். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தோம், இதற்குள் இப்படி ஒன்று இருந்தது தெரியாமலே இருந்தோமே என்று தோன்றும்.

இனி பாவாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாவாயி சேனாபதியின் அம்மா. அர்த்தநாரியின் பட்டறையில், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தறி ஓட்டுகிறவள். சேனாபதி கைக்குழந்தையாக இருக்கும்போதே புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். அவளுக்குக் காது கேட்காது. பிறவியில் இல்லை, தறி தின்றது. முதலில் கொலுசுச் சத்தம் போனது, அப்புறம் குயில், அப்புறம் பால்காரரின் ஹாரன், அப்புறம் அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம், எல்லாவற்றுக்கும் கடைசியாக மகனின் குரல். அப்போது அவன் ஐந்தாம் வகுப்பு. இதில் வேடிக்கை என்னவென்றால், அவளுக்குக் காது போனது பல வருடம் யாருக்குமே தெரியவில்லை. எங்கள் ஊரில் யாரும் காதால் பேசுவதில்லை. தறி ஓடும்போது கத்தினாலும் கேட்காது என்பதால் பட்டறையில் எல்லோரும் குரல் இல்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசுவோம், உதட்டைப் பார்த்து விஷயத்தைப் பிடித்துக்கொள்வோம், அதே பழக்கம் வீட்டுக்கும் வந்துவிடும். தறிப்பேச்சு என்று அதற்குப் பேர். பாவாயி தறிப்பேச்சில் கெட்டிக்காரி. பத்துத் தறிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் கிசுகிசுத்தால்கூட, இங்கிருந்து பதில் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குக் காது கேட்கவில்லை என்று யார் சந்தேகப்படுவார்கள்?

"உன்ற வாய் அசைஞ்சாப் போதும் சாமி, உன்ற கொரலு எனக்கு உள்ளுக்குள்ள கேக்கும்" என்று மகனிடம் சொல்வாள். அவனுக்கு அதைக் கேட்டால் அழுகை வரும், அதனால் பேச்சை மாற்றிவிடுவான். அவன் வாசித்த ஒரு கச்சேரிகூட அவள் காதில் விழுந்ததில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள், மற்றவர்கள் கைதட்டும்போது தானும் தட்டுவாள்.

தறிகள் தாளத்தில் சேர்ந்த அந்தச் செவ்வாய்க்கிழமை பாவாயி தறியின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்தபடி வெகுநேரம் நின்றாளாம். பக்கத்துத் தறிக்காரி என்னவென்று கேட்டதற்கு, தறி கேக்குது என்று மட்டும் சொன்னாளாம். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உலகத்துச் சத்தங்களுக்கெல்லாம் அடைத்துப்போன காது தறிக்கு மட்டும் எங்கோ ஒரு சந்து விட்டு வைத்திருந்தது என்பது பிற்பாடு தெரிந்தது.

அது தெரிந்தது ஓர் இருமலால். புரட்டாசி மாதத்து மழை ஒன்றில் நனைந்துவிட்டு வந்த சேனாபதி, காவல் உட்கார்ந்த சலிப்பில், தாளத்தோடு ஒரு பாட்டையும் சேர்த்து இரண்டாவது துளைக்கு அனுப்பினால் என்ன என்று ஒயர்களை மாற்றிக்கொண்டிருந்தான். பெடலில் செருகியிருந்த மைக் திறந்திருந்தது. அவன் இருமினான். ஊஞ்சப்பாளையத்தின் அத்தனை தறிகளும் இருமின. நெஞ்சுச் சளியோடு, மனிதன் இருமுவதுபோலவே இருமின, இருமிய வேகத்தில் அத்தனை தறிகளிலும் நீளவாக்கில் ஏற்றியிருந்த பாவு நூல் அறுந்தது. அன்று பொழுது சாய்கிறவரை ஊர் முழுக்க உட்கார்ந்து நூலை முடிந்துகொண்டிருந்தோம், யார் செய்த வேலை இது என்று கெட்ட வார்த்தையில் கேட்டுக்கொண்டே. சேனாபதி வாயைத் திறக்கவில்லை.

பாவாயி வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"இன்னிக்குத் தறி இருமுச்சுடா. மனுசன் இருமற மாதிரியே இருமுச்சு."

சேனாபதி அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, வாயை அசைத்துக் கேட்டான்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"எப்படின்னா? கேட்டுச்சு."

"கைலயா, காதுலயா?"

"காதுலதான்டா" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. துண்டைக் கையில் பிடித்தபடி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை வருடத்தில் அவள் காதில் விழுந்த முதல் மனிதச் சத்தம் ஓர் இருமல். அவள் அதை மறுபடியும் நினைத்துப் பார்த்து, வாய்க்குள்ளேயே ஒரு தரம் இருமிக் காட்டினாள். சேனாபதிக்கு அப்போதுதான் தோன்றியது. இருமல் போகிற வழியில் பேச்சும் போகும். அம்மாவோடு பேசலாம்.

ஆனால் இரண்டாவது துளைக்கு ஒரு தறியை மட்டும் தெரியாது, ஊரைத்தான் தெரியும். அம்மாவின் தறியில் அவன் பேச வேண்டுமென்றால் எல்லோருடைய தறியிலும் பேச வேண்டும், பேசினால் எல்லோருடைய பாவும் அறும், தீபாவளித் துணி தறியில் ஏறியிருக்கிற காலம் அது. பாவு இல்லாமல் தறிகள் வெறுமையாக நிற்பது வருடத்தில் ஒரே ஒரு நாள், ஆயுதபூஜை. அதற்கு முன்னால் ஏற்றிய பாவு நூலை நெய்து முடித்து, தறியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, அன்று முழுக்க அதைத் தூங்கவிடுவோம், மறுநாள்தான் புதுப் பாவு ஏறும். அன்றைக்குத் தறியை ஓட்டுகிற பாவத்தை எங்கள் ஊரில் யாரும் செய்ததில்லை. அந்த நிசப்தத்தில் எங்களுக்கே தூக்கம் பிடிக்காது, கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்போம், ஆனாலும் ஓட்டியதில்லை.

சேனாபதி சங்கத்துக்குப் போய் இருமியது நான்தான் என்று ஒப்புக்கொண்டு, விஷயத்தையும் சொன்னான். அர்த்தநாரி ஊர்க்கூட்டம் போட்டார். சங்கக் கட்டடம் கொள்ளாமல் ஜனம் வெளியேயும் நின்றது. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால், பாவாயி ஒரு தூணோரம். அர்த்தநாரி மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்.

"தம்பி, தாய்ப்பாசம் எல்லாருக்கும் இருக்குது. ஒருத்தருக்கோசரம் பூஜையன்னிக்கு ஊர்த் தறி பூராவும் ஓட்டோணுங்கறியே, நாயமா? சரி, நானே கேக்கறேன். நம்மூர்ல வேற ஆருக்காச்சும் காது கேக்காம இருக்குதுங்களா? இருந்தாக் கை தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை.

"பாத்தியா?" என்றார் அர்த்தநாரி. எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சேனாபதி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அம்மாவிடம் போய், அவர் கேட்டதை உதட்டில் சொன்னான். பாவாயி அவன் முகத்தையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து நடந்துபோய் மேடை ஏறினாள்.

"அண்ணா, இதை அக்கட்டால வைங்க. வாயை மறைச்சுக்கிட்டுக் கேட்டா ஆருக்குத் தெரியும்?" என்று மைக்கை வாங்கிக் கீழே வைத்தாள். பின்வரிசைப் பெண்களைப் பார்த்து நின்று, குரல் இல்லாமல், தறிப்பேச்சில், உதட்டை நன்றாகப் பிரித்து அதே கேள்வியைக் கேட்டாள்.

ஜன்னலோரம் ஒரு கை எழுந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்று. வளையல் போட்ட கை, சாயம் ஒட்டிய கை, குழந்தையைத் தூக்கி வைத்திருந்தவளின் மறுகை, ஒன்றைப் பார்த்து ஒன்றாக எழுந்துகொண்டே போய், கடைசியில் பின்பக்கம் முழுவதும் கைகளாக நின்றன. வாசலுக்கு வெளியேயும் கைகள். நாங்கள் திரும்பிப் பார்த்தோம். அங்கே எங்கள் அம்மாக்கள் நின்றார்கள், அக்காக்கள் நின்றார்கள், காலையில் நாங்கள் வாயசைத்து வெந்நீர் கேட்டதும் கொண்டுவந்து தந்த எங்கள் மனைவிகள் நின்றார்கள். அந்தக் கைகளுக்கு நடுவில் அர்த்தநாரியின் மனைவி, அவர் பட்டறையிலேயே ஒரு தறி ஓட்டுகிற ருக்குமணியின் கையும் இருந்தது.

அர்த்தநாரி மேடையிலிருந்து இறங்கி அவள் முன்னால் போய் நின்று வாயை அசைத்தார்.

"எப்பருந்து?"

"நம்ம பையன் பள்ளிக்கோடம் போறதுக்கு முன்னால இருந்துங்க."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க பேசறதெல்லாம் புரியுதுங்களே. அப்புறம் என்னன்னு சொல்றது?"

அந்த வருட ஆயுதபூஜைக்குத் தறி ஓடும் என்று முடிவானது.

பூஜையன்று காலையில் வெள்ளைப்பூசணி உடைத்து, பொரி கடலை படைத்து, சந்தனப் பொட்டு வைத்த வெறுந்தறிகளின் முன்னால் ஊர்ப் பெண்கள் அவரவர் இடத்தில் நின்றார்கள். சேனாபதி பெடலை மல்லிகைச் சரத்தோடு அர்த்தநாரியின் பட்டறைக்கு எடுத்துவந்து, பாவாயியின் தறிக்குப் பக்கத்தில் வைத்தான். ஒரு சிக்கல் இருந்தது. டெம்போ பேச்சோடு பொருந்தாவிட்டால் பெடல் வாக்கியத்தைப் பாதியில் வெட்டிவிடும். குமிழைத் திருகித் திருகிப் பார்த்தான், பிடிபடவில்லை. அவன் படுகிற பாட்டைப் பார்த்த பாவாயி பக்கத்தில் குந்தி, தொட்டில் காலத்தில் தட்டித் தூங்கவைத்ததுபோல அவன் முதுகில் தட்டினாள். அந்தத் தட்டலுக்குக் குமிழைத் திருப்பி நிறுத்தினான். ஒப்பந்தத்தில் இல்லாத டெம்போ அது. மோட்டார்கள் போட்டார்கள், தறிகள் மெல்ல அசைந்தன.

நிஜமாகவே அவளுக்குக் கேட்கிறதா என்று தெரிய வேண்டும் என்பதால் சேனாபதி உதடு தெரியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். எத்தனையோ சொல்ல நினைத்து வைத்திருந்தான், ஒரு பாட்டுக்கூடப் பழகியிருந்தான். மைக்கைப் பிடித்ததும் எல்லாம் மறந்து, தினமும் வாயசைத்துக் கேட்கிறதுதான் வந்தது.

"அம்மா, சாப்ட்டியா?"

பெடலை மிதித்தான். தறிகள் சொல்லின. அம்மா, சாப்ட்டியா? ரைஸ்மில் தெருவிலிருந்து வாய்க்கால் பாலம் வரைக்கும், பட்டறை பட்டறையாக, தகரக் கூரைக்குக் கீழே, தறிக்கட்டையும் குறுக்கே ஓடும் நாடாவும் பல்சக்கரமும் சேர்ந்து ஒரே வாயாகச் சொல்லின. அம்மா, சாப்ட்டியா? அம்மா, சாப்ட்டியா? அரச மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து பறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தன. பிறகு எங்கோ ஒரு பட்டறையிலிருந்து ஒருத்தி, சாப்ட்டேன் சாமி, என்று சத்தமாகச் சொன்னாள். அடுத்த தெருவில் இன்னொருத்தி சொன்னாள். கேட்டது யார் வீட்டுப் பிள்ளை என்று அவர்கள் யோசிக்கவே இல்லை. சாப்ட்டேன், சாப்ட்டேன் கண்ணு, என்று ஊரின் நாலாபக்கமிருந்தும், தங்கள் சத்தம் தங்களுக்கே கேட்காததால் அளவு தெரியாமல் உரக்க, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பெண்கள் பதில் சொன்னார்கள். ருக்குமணி தன் தறியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னாள். அர்த்தநாரி வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பாவாயி மட்டும் பதில் சொல்லவில்லை.

சேனாபதி திரும்பிப் பார்த்தான். அவள் தலையைச் சாய்த்து, நெற்றியைச் சுருக்கி, தறியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு செய்தும் அம்மாவுக்கு மட்டும் கேட்கவில்லையா என்று பதறினான். கிட்டே போய் வாயை அசைத்தான்.

"கேக்கலியாம்மா?"

"கேக்குது, நல்லாக் கேக்குது" என்றாள் பாவாயி. "ஆரோ ஒரு ஆம்பள பேசிட்டே இருக்கறானே. அந்தாளை நிறுத்தச் சொல்லு. நீ எப்பச் சாமி பேசுவே?"

சேனாபதிக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் கையைப் பிடித்துத் தன் தொண்டையின் மேல் வைத்து, அவள் முகத்துக்கு நேரே, தறி சொல்லும்போது தானும் சேர்ந்து சொன்னான். அம்மா, சாப்ட்டியா? அவள் கை அதிர்ந்தது. தறியைக் கேட்டாள், அவன் உதட்டைப் பார்த்தாள், மறுபடி தறியைக் கேட்டாள். ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்திரமாக வைத்திருந்த அந்தச் சின்னக் குரலை அவள் எங்கே கொண்டுபோய் வைத்தாளோ தெரியாது. நரை ஓடத் தொடங்கிய மகனின் தாடையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள்.

"எப்படா ஒடஞ்சுது கொரலு?" என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லியேடா."

தறி மறுபடியும் கேட்டது.

"சாப்ட்டேன்" என்றாள் பாவாயி.